ஏரிப்பக்கத்து கார்னர்

கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்த தணிகைவேல், கட்டிலின் கால்மாட்டில் அப்படியே நின்றுவிட்டார். செத்துக் கிடந்தவர் அவருடைய அண்ணன் அய்யனார். கட்டுவதற்கு இரண்டு கட்டைவிரல் வேண்டும். அங்கே இருந்ததோ ஒன்று.

அய்யனாருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. போன வருஷம் பொங்கலுக்கு முன்னால் சர்க்கரைப் புண் மேலே ஏறி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். இது ஊருக்கே தெரியும். தணிகைவேலுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் சாவு வீட்டில் கை தன் பாட்டுக்கு வேலை செய்யும். தாடையை ஏந்திக் கட்டினார், கண்ணை மூடிவிட்டார், அடுத்தது கால் என்று துணியோடு வந்துவிட்டார். அந்தத் துணியை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார். அப்புறம் அங்கேயே தரையில் உட்கார்ந்து, அதுவரை ஒரு பொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சுவரோரம் அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள் இளவரசி. அய்யனாருக்கு அவள் ஒரே மகள். விடியற்காலையில் அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியதிலிருந்து, ஆட்டோவுக்கு ஓடி, ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்து, இதோ இந்த நேரம்வரை அவளும் சரியாக அழவில்லை. சித்தப்பா அழுவதைப் பார்த்ததும் இப்போது அழுதுவிடலாம் போலிருந்தது. அதற்குள் அவர் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"எங்கண்ணன நொண்டியா அனுப்ப மாட்டேன். முழு ஆளாத்தான் அனுப்புவேன். கிரவுண்டுல இருக்கிற கால தோண்டி எடுத்தாந்து, கூடவே வெச்சி அடக்கம் பண்ணிடலாம். இன்னா அண்ணி சொல்றீங்க?"

அழுது தொண்டை கட்டிப்போயிருந்த தனக்கொடி மகளின் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். "நானும் அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்பா. அது இல்லாம அவுரு எப்டி நடந்து போவாரு?"

இளவரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிரவுண்டில் அப்படி ஒரு கால் கிடையாது. கிடையாது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கரிக்கலாம்பாக்கத்தில் அய்யனாரின் இடது காலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். அறுப்பு முடிந்த வயலில், தாளடி குத்தக் குத்த, வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால் அது. நாற்று நடப் போன அம்மாவுக்கும் கரும்பு வெட்டப் போன அப்பாவுக்கும் பிறந்தவர், பாண்டிச்சேரியில் ஒரு ஃபுட்பால் மேட்சில் வராத ஒருத்தனுக்குப் பதிலாக இறங்கி ஆடினார். அங்கிருந்து மெட்ராஸ் லீக். மெட்ராஸிலிருந்து கல்கத்தாவில் ஒரு பெரிய கிளப். அங்கே லெஃப்ட் விங்கில் ஆடினார். அவர் கார்னரில் பந்தை வைத்தால் எதிர் டீம் கோல்கீப்பர் தெய்வத்தைக் கும்பிடுவான் என்பார்கள். யார் மேலும் படாமல் பந்து வளைந்து தானாகவே கோலுக்குள் போகும். அந்தப் பக்கத்து ஜனங்கள் அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாக அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "மீன் நாத்தம் அடிச்ச கையால தொட்டானுங்க" என்று சிரிப்பார்.

வலது முழங்காலில் சவ்வு கிழிந்து அவர் ஊர் திரும்பியபோது இளவரசி கைக்குழந்தை. ஓடத்தான் முடியவில்லையே தவிர, நிற்க முடிந்தது, கத்த முடிந்தது. ஏரிக்கரையோரம் முள்ளும் புதருமாகக் கிடந்த தரிசைத் திருத்தி, சவுக்குக் கழியால் கோல் போஸ்ட் நட்டு, கோச் ஆகிவிட்டார். அவரிடம் திட்டு வாங்காத ஆம்பிளை அந்த ஊரில் இல்லை. அவரிடம் ஆடியதைக் காட்டிப் போலீசிலும் மின்சாரத் துறையிலும் வேலைக்குப் போனவர்கள் நிறைய பேர். அப்பன் வைத்த பெயரை விட்டுவிட்டு ஊரே அவரைக் கோச் என்றது. மாடு ஓட்டிப் போகும் கிழவன்கூட, "இன்னா கோச்சு, இன்னிக்கி ஆட்டம் இல்லியா?" என்பான்.

அப்பேர்ப்பட்ட காலுக்குத்தான் உணர்ச்சி செத்துப்போயிற்று. பூட்ஸுக்குள் கண்ணாடிச் சில்லு கிடந்து அறுத்திருக்கிறது, ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு நின்றிருக்கிறார், தெரியவில்லை. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து தனக்கொடி அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"எடுத்தா நம்பகிட்டயே குடுத்துடச் சொல்லுடி. கண்ட எடத்துல போயிடக் கூடாது. நமக்கு சோறு போட்ட காலு."

"சரிப்பா."

அன்றைக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். சித்தப்பா அறுப்பு மெஷினுக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். இளவரசி மட்டும் தனியாக இருந்தாள். தான் வேலை பார்த்த திருவாண்டார்கோயில் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். மத்தியானம் தாண்டி உள்ளேயிருந்து ஒரு அம்மாள் மஞ்சள் கவர் ஒன்றைக் கொண்டுவந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "எடுத்துக்கினு போறியாம்மா, இல்ல நாங்களே அனுப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

அந்தக் கவருக்குள் குதிகால் ஒரு பக்கம் முட்டிக்கொண்டு தெரிந்தது. மருந்து நெடியையும் மீறி ஒரு வாடை வந்தது. இதை எப்படித் தூக்குவது, பஸ்ஸில் எங்கே வைப்பது, பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன இது என்று கேட்டால் என்ன சொல்வது? இப்படியெல்லாம் அவள் யோசித்ததாகப் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மை அது இல்லை. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற அப்பாவின் காலைப் பார்த்துக் குமட்டிக்கொண்டு வந்தது.

"நீங்களே அனுப்பிடுங்கக்கா" என்றாள்.

அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இளவரசி போய்க் கையைக் கழுவினாள். அவள் அதைத் தொடவே இல்லை. ஆனாலும் சோப்பு வாங்கிப் போட்டுக் கழுவினாள்.

மயக்கம் தெளிந்து அய்யனார் கேட்ட முதல் கேள்வி, "கால எங்கடி?"

"நம்ப கிரவுண்டுல பொதைச்சிட்டேன்பா." வாயில் வந்ததுதான். யோசித்துச் சொன்னதில்லை. "ஆட்டோ வெச்சி எடுத்தும்போயி, அந்த ஆட்டோக்கார்ரே குழி தோண்டிக் குடுத்தாரு. கற்பூரம் ஏத்திட்டுதான் வந்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பக்கம்?" என்றார்.

"ஏரிப்பக்கம்பா."

"லெஃப்ட் கார்னரா?"

"ஆமாம்பா. கார்னர்லதான்."

அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்த நிமிஷமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். யார் சொல்லுவார்கள்? நீங்களும் நானும்தான் சொல்லிவிடுவோமா?

பொய்யைச் சொன்னவள் அவள். அதை வளர்த்தது ஊர். வீல் சேரில் உட்கார்ந்தபடி கிரவுண்டுக்குப் போக ஆரம்பித்த அய்யனார், வேறு எங்கும் நிறுத்த விடாமல் ஏரிப்பக்கத்துக் கார்னரில்தான் நிறுத்தச் சொன்னார். அங்கிருந்துதான் விசில் ஊதினார். "என் காலு இங்க கீதுடா. மரியாதையா அடிங்க" என்று பசங்களை மிரட்டினார். கலைவேந்தன் செங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து அந்த இடத்தைச் சுற்றிப் பதித்தான். அவரிடம் ஆடிப் போலீஸ் வேலைக்குப் போனவன் அவன். மேட்ச் நடக்கும் நாளில் அங்கே சூடம் கொளுத்தாமல் டீம் இறங்காது. தனக்கொடி அமாவாசைக்கு அமாவாசை தனியாக நடந்துபோய்ப் பூ வைத்துவிட்டு வந்தாள். இளவரசி மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், இந்த வாரம் போகட்டும், அப்பாவுக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளித் தள்ளியே வந்தாள். கடைசியில் அப்பா போய்விட்டார்.

"ஒண்ணும் இருக்காது சித்தப்பா" என்றாள் இப்போது. "வருஷம் தாண்டிப்போச்சு. மண்ணோட மண்ணா போயிருக்கும். எதுக்கு இப்ப போயி."

"எலும்பு எங்கடி போவும்? தலமுற தலமுறயா கெடக்கும் எலும்பு." தணிகைவேல் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒரு துண்டு கெடச்சா போதும். ஆளு முழுசா ஆயிடுவாரு."

சாவு வீட்டில் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அதற்குள் ஐஸ் பெட்டி வந்து உடம்பை அதற்குள் மாற்றியிருந்தார்கள். அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி, கால் இல்லாமல் போனால் அடுத்த பிறவியிலும் கால் இருக்காது என்றாள். இன்னொருத்தி, பிறவியே இருக்காது, அந்தக் காலைத் தேடிக்கொண்டு ஆவி கிரவுண்டிலேயே சுற்றும் என்றாள். தனக்கொடி இரண்டையும் கேட்டுவிட்டு மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் பந்தலுக்கு வெளியே கலைவேந்தன் ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். கல்கத்தா ஜெர்சியில், சுருட்டை முடியோடு, யாரோ ஒரு இளம் பையன்போல அப்பா அதில் சிரித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்கு மேலே மட்டும்தான் படம். கால் வரும்படி ஒரு போட்டோ கிடைக்கவில்லை என்று கலைவேந்தன் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தான். இவனிடம் சொல்லிவிடலாம் என்று இளவரசி எழுந்து போனாள்.

"அண்ணா, சித்தப்பா தோண்டணும்னு நிக்கிறாரு. வேணாம்னு நீ கொஞ்சம் சொல்லேன்."

கலைவேந்தன் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினான். சிவந்து வீங்கிய கண். "நான் எப்டி பாப்பா சொல்ல முடியும்? கோச்சே சொல்லிட்டுப் போயிருக்காரு. போன மாசம்கூட, நான் பூட்டா என் கால மறந்துட்டு என்ன மட்டும் பொதைச்சிடாதீங்கடா, அப்புறம் அவன் தனியா இன்னா பண்ணுவான்னு சொன்னாரு. சிரிச்சிக்கினேதான் சொன்னாரு. ஆனா சொன்னாரு."

"இல்லண்ணா, அது வந்து..."

"உனக்குக் கஷ்டமாதான் இருக்கும். நீதான தனி ஆளா எடுத்தும்போயி பொதைச்ச. எங்களால முடிஞ்சிருக்குமா? ஆம்பளைங்க நாங்க, ஒருத்தன்கூட அன்னிக்கிக் கூட இல்ல." அவன் கண்ணீர் வழிந்தது. "அத நெனச்சாலே உங்கால்ல விழணும்போல இருக்கும் பாப்பா."

இளவரசி உள்ளே வந்துவிட்டாள். அம்மாவிடமே சொல்லிவிடுவோம், அவள் அடித்தாலும் சரி, காறித் துப்பினாலும் சரி என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா. அந்தக் காலு..."

"ம்." தனக்கொடி ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் தடவிக்கொண்டே பேசினாள். "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து தெனம் ராத்திரி எண்ணெ போட்டு அமுக்கி வுட்ட காலுடி. அமுக்கலன்னா தூக்கம் வராது அவுருக்கு. அது போனப்புறம் என் கைக்குதான் வேல இல்லாம பூட்டுது. அமாவாசைக்கு அங்க போயி உக்காந்தா, மண்ணுமேல கைய வெச்சி அப்டியே அமுக்கிக்கினு இருப்பேன். யாராச்சும் பாத்தா பைத்தியம்னுவாங்க." திரும்பி மகளைப் பார்த்தாள். "நீ மட்டும் எடுத்தாராம இருந்திருந்தா எனக்கு அதுவும் இல்ல. இன்னாமோ சொல்ல வந்தியே?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் இளவரசி.

தணிகைவேல் வாசலிலிருந்து கூப்பிட்டார். "நீயும் வா. எந்த எடம், எத்தினி ஆழம்னு நீதான காட்டணும்."

கிரவுண்டில் வெயில் கண்ணைப் பறித்தது. அதற்கு அந்தப் பக்கம் போன வருஷம்வரை நெல் விளைந்த நிலத்தில் மனை பிரித்துக் கலர் கல் நட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஏரிக்கரை. அய்யனாரிடம் ஆடிய ஏழெட்டுப் பேர் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்திருந்தார்கள். எல்லாரும் இப்போது கம்பெனி, ஆபீஸ் என்று போகிறவர்கள். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு, செருப்பைக் கோட்டுக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே இறங்கினார்கள். சுண்ணாம்புச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார்கள். நடுவில் காய்ந்த பூவும் கருகிய சூடமும் கிடந்தன.

"எத்தினி ஆழம் பாப்பா?"

"முழங்கை ஆழம் இருக்கும்ண்ணா." கேட்டவுடன் பதில் வந்துவிட்டது. பொய் பழகிப்போன வாய்.

முழங்கை ஆழம் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் தோண்டினார்கள். வேரும் ஓட்டாஞ்சில்லும் வந்தன. நாய் ஏதாவது கிளறியிருக்குமோ என்று ஒருத்தன் முணுமுணுத்தான். "நாயி நொழஞ்சா நம்ப கோச்சு வுடுவாரா?" என்று இன்னொருத்தன் சொல்ல, இரண்டு பேர் சிரிக்கப் பார்த்து முடியாமல் மூக்கை உறிஞ்சினார்கள். தணிகைவேல் குழியைக் கரைப்பக்கமாக அகலப்படுத்தச் சொன்னார். வியர்வை சொட்டச் சொட்டக் கலைவேந்தன் வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் இளவரசியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் துளி சந்தேகம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை. இல்லை. அவளுக்காக வருத்தப்பட்டான், அவ்வளவுதான்.

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை. இருட்டும்வரை இவர்கள் தோண்டுவார்கள். அங்கே ஒரு உடம்பு காத்துக்கொண்டு கிடக்கும். இல்லாத காலைத் தேடி இந்தக் கார்னர் முழுக்கப் புரட்டிப்போடுவார்கள். இளவரசி குழியின் விளிம்புக்கு வந்தாள்.

"சித்தப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இரு, இரு" என்றார் அவர், குழியைப் பார்த்தபடி.

"இல்ல சித்தப்பா, இங்க வந்து..."

மண்வெட்டி எதிலோ பட்டு நங்கென்றது. கலைவேந்தன் மண்வெட்டியை எறிந்துவிட்டு மண்டியிட்டான். இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளி வெளியே போட்டான். பழுப்பு நிறத்தில் ஒரு எலும்பு வெளியே வந்தது.

கலைவேந்தன் அதை உள்ளங்கை இரண்டிலும் ஏந்திக்கொண்டு, "கோச்" என்றான். சுற்றி நின்றவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இளவரசி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். தான் ஒருவேளை நிஜமாகவே எடுத்துவந்து புதைத்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

"இம்மாஞ் சின்னதா கீதே" என்றான் ஒருத்தன்.

தணிகைவேல் கையை நீட்டி எலும்பை வாங்கினார். விவரம் தெரிந்த நாளிலிருந்து மாடு வைத்திருக்கிறவர் அவர். இந்த இடம் கிரவுண்டு ஆவதற்கு முன்னால் செத்த கன்றுக்குட்டிகளை ஊர்க்காரர்கள் இந்தக் கரையோரம்தான் புதைப்பார்கள். அவரே தன் கையால் புதைத்திருக்கிறார். எலும்பைத் திருப்பிப் பார்த்தார். அதன் ஒரு நுனி குளம்பு பொருந்தும் இடத்தில் இரண்டாகப் பிளந்திருந்தது. மனுஷ எலும்பு எதுவும் அப்படி இருக்காது. பிளவு இளவரசியின் கண்ணிலும் பட்டது.

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

"மண்ணு தின்னுட்டிருக்கும்டா" என்றார் தணிகைவேல், கட்டைவிரலால் அந்தப் பிளவை மூடிக்கொண்டே. தோளில் கிடந்த துண்டை உருவி எலும்பைச் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நுனி வெளியே தெரியாதபடி. "எங்கண்ணன் காலுதான். குழிய மூடிட்டு வாங்க."

அவர் முன்னால் நடந்தார். இளவரசி ஓடாத குறையாகப் பின்னால் போனாள். மற்றவர்கள் குழியை மூடி, செங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் கொஞ்சதூரம் வந்த பிறகு அவர் திரும்பாமலே கேட்டார்.

"எங்கடி அது?"

"ஆஸ்பத்திரிலயே வுட்டுட்டேன் சித்தப்பா."

"எதுக்கு? காரு வெக்கறதுக்கு வழியில்லியா? எனக்கு ஒரு போன் பண்ணா நான் வந்திருக்க மாட்டேனா?"

"அதுக்கில்ல." அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத பாக்க எனக்கு அருவருப்பா இருந்துச்சு சித்தப்பா. எங்கப்பா காலு. எனக்கு அருவருப்பா இருந்துச்சு."

தணிகைவேல் நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அடித்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள். அவர் கையிலிருந்த துண்டு மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னுக்குட்டி கால எங்கண்ணன்கூட பொதைக்க வெச்சிட்டியேடி" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான்தான தோண்டு தோண்டுன்னு நின்னேன். என் வாயாலயே அண்ணன் காலுதான்னு சொல்ல வெச்சிட்டியே."

"அம்மாகிட்ட சொல்லிடறேன் சித்தப்பா. இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லு. போயி சொல்லு. அமாவாசை அமாவாசைக்கு அண்ணி எதுக்குப் பூ வெச்சிட்டு வந்தாங்கன்னு அதையும் சேத்து நீயே சொல்லு." அவள் முகத்தைப் பார்த்தார். "முடியாதுல்ல? அப்ப நட. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

வீட்டு வாசலில் பறை தொடங்கிவிட்டிருந்தது. அய்யனாரைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, மேலே ஜெர்சி போர்த்திப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். இடது பக்கம் வேட்டி முழங்காலோடு தட்டையாகப் படிந்திருந்தது. தணிகைவேல் மூட்டையோடு வருவதைப் பார்த்ததும் ஜனம் விலகி வழிவிட்டது. பறை தானாக நின்றது.

தனக்கொடி இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிரிக்க வேணாம் அண்ணி" என்றார் தணிகைவேல். "பாக்கற மாதிரி இல்ல."

"பிரிக்கலபா." வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். சொம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை அள்ளித் துண்டின் மேலேயே தெளித்தாள். அப்புறம் அவள் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிட்டன. துண்டோடு சேர்த்து மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, மெதுவாக அமுக்கிவிட்டாள். தணிகைவேல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி நின்றார். இளவரசிக்கு அம்மாவின் கையைத் தட்டிவிட்டு அந்த மூட்டையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. அசையாமல் நின்றாள். தன்னைப்போல ஒரு பாவி இந்த உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தாள். அதையும் மனசுக்குள்தான் நினைத்தாள்.

"இந்தா." தனக்கொடி மூட்டையை அவளிடம் நீட்டினாள். "நீயே வையி. அன்னிக்கி நீதான தூக்கினு வந்த."

இளவரசி வாங்கிக்கொண்டாள். கனமே இல்லை. அப்பாவின் பக்கத்தில் குனிந்து, வேட்டியை விலக்கி, முழங்கால் முடிந்த இடத்தில் மூட்டையை வைத்தாள். எந்த நுனி எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

"அப்டி இல்லடி" என்றாள் தனக்கொடி. மூட்டையை அத்தனை நேரம் தடவிய அவள் கைக்கு எது எந்த நுனி என்று தெரிந்திருந்தது. "தலகீழா வெச்சிருக்க பாரு. பாதம் கீழ வரணும்."

இளவரசி நிமிர்ந்து சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. அவள் மறுபடி குனிந்தாள். பிளந்த நுனி எந்தப் பக்கம் என்று துணிக்கு மேலேயே விரலுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கம் கீழே வரும்படி திருப்பி வைத்தாள்.

"ஆங்" என்றாள் அம்மா. "இப்ப சரியா இருக்குது."